சனிக்கிழமை சட்ட வகுப்பு

1 பிப்ரவரி 2025, சனி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

மதியம் 3 மணி. புதுச்சேரியில் நாலரை. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கும் மொரீஷியஸுக்கும் ஒரே நேரம்தான். திரையில் பதினோரு முகங்கள். வகுப்பு பிரெஞ்சில், சிக்கலான இடம் வந்தால் புதுச்சேரிப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் சொல்வேன்.

முதல் பாடம் பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பின் 1382-ஆம் பிரிவு. பிறருக்குக் கேடு நேர்ந்தால், யார் தவறால் நேர்ந்ததோ அவரே ஈடுகட்ட வேண்டும் என்கிற ஒரே வாக்கியம். எண்ணைச் சொன்னதும் ரீயூனியன் மாணவர், "எங்களுக்கு அது 1240 ஆயிற்றே" என்றார். சரிதான். பிரான்ஸில் 2016-இல் நடந்த திருத்தத்தில் எண்கள் மாறின. மொரீஷியஸில் பழைய எண்ணே நிற்கிறது. நெப்போலியன் காலத்து இந்தத் தொகுப்பு இரண்டு தீவுக்கும் வந்தது 1805-இல். 1810-இல் இங்கே ஆங்கிலேயர் வந்தும் அதில் கை வைக்கவில்லை. அதனால்தான் பிரெஞ்சு வழிச் சட்டத்தில் வழக்காடிவிட்டு, கடைசி மேல்முறையீட்டுக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகிறோம். இந்தியா அந்த வாசலை 1949-இலேயே அடைத்துவிட்டது.

8 பிப்ரவரி, சனி

நல்ல மழை. இணைப்பு இரண்டு முறை அறுந்தது. வாரிசுரிமைப் பாடத்தைத் தொடவே முடியவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். தீவு முழுக்க விடுமுறை. காவடிக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தேன். மனசு முழுக்க சனிக்கிழமைப் பாடம்தான்.

15 பிப்ரவரி, சனி

இப்படி ஒரு நாளுக்காகத்தான் இத்தனை மாதம் மெனக்கெட்டேன்.

வாரிசுரிமையைத் தொடங்கியதுமே புதுச்சேரியிலிருந்து ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவர்) குடும்பத்துப் பெண், "மிஸ், ஒண்ணு காட்டவா?" என்றாள். பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய காகிதம். கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்ததும் ஒரே வெள்ளையாகிவிட்டது. மேசை விளக்கை அணைக்கச் சொன்னேன். மடிப்பில் கிழிந்த கோடு முதலில் தெரிந்தது, அப்புறம் எழுத்துகள். அவள் பாட்டனாருக்குப் பாட்டனார், 1881 செப்டம்பர் ஆணைப்படி, குல வழக்கத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு வந்த பத்திரம். இப்படி வந்தவர்களை ரெனோன்சான், அதாவது துறந்தவர், என்பார்கள். அவர்கள் வழிவந்தவர்களுக்குப் புதுச்சேரியில் இன்றும் அந்தச் சட்டம் செல்லும். அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு அந்த இடத்தைக் கொடுக்க 2005 ஆனது. அவள் கொள்ளுப்பாட்டி தன் பங்காக வாங்கிய வீட்டில்தான் அவள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

துறந்தவர் புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் அதுவும் இருந்தது.

"அந்தப் பெயரை அவரே தேர்ந்தெடுத்தாரா?" ரீயூனியன் மாணவரின் குரல் ஒரு நொடி தாமதித்து வந்தது. அவருடைய குடும்பப் பெயர், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த மூதாதையின் சொந்தப் பெயர். எழுத்தர் காதில் விழுந்தபடி பதிவேட்டில் ஏறி, அப்படியே நிலைத்துவிட்டது.

நாலரைக்கு முடிய வேண்டிய வகுப்பு. யாரும் வெளியேறவில்லை. பத்திரத்தின் கடைசியில் இருந்த தமிழ்க் கையெழுத்தை ரீயூனியன் மாணவர் இன்னொரு முறை காட்டச் சொன்னார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவள் ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்து வாசித்தாள்; அவர் திருப்பிச் சொன்னார்.