முந்திரிக் கன்றும் மூணு வருஷத்து அரிசியும்

உதவி வாங்கிய ஒருத்தர் கைநீட்டிப் பழகிவிட்டாரா, நிமிர்ந்துவிட்டாரா என்பது மளிகைக் கடைக்காரனுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். கடன் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். பண்ருட்டி – வடலூர் ரோட்டில் கடை வைத்திருப்பவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் பக்கம் முந்திரித் தோப்பெல்லாம் படுத்துவிட்டது. பாட்டன் வைத்த பலா மரங்கள் வேரோடு கிடந்தன. நிவாரணம் வந்தது, ஒட்டுக் கன்றும் வந்தது. ஆனால் ஒட்டு முந்திரி காய்ப்புக்கு வரவே மூணு வருஷம் ஆகும். குடும்பம் நடத்துகிற அளவுக்குக் காசு பார்க்க இன்னும் சில வருஷம். நிவாரண அரிசி அதுவரைக்கும் வருமா?

பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவருக்குத் திருப்பூரிலிருந்து மகன் மாசாமாசம் பணம் அனுப்பினான். அவர் ஊரிலேயே இருந்து கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார், ஆடு மேயாமல் வேலி கட்டினார். இன்றைக்கு சீசன் வந்தால் கொட்டை விலைக்கு வியாபாரியோடு மல்லுக்கு நிற்கிறார். இன்னொருவருக்கு அப்படி ஆள் இல்லை. குடும்பத்தோடு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். கன்று காய்ந்துபோனது. திரும்பி வந்து அடுத்த நிவாரணத்துக்கு வரிசையில் நின்றபோது, "சும்மா குடுத்துக் குடுத்தே சனத்தைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சொன்னார். அவர் வயல் மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். நான் வாயைத் திறக்கவில்லை. வாடிக்கைக்காரர் ஆயிற்றே.

உதவி அதிகமாகி அந்த மனிதர் கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. உதவி பாதியில் நின்றதால்தான் வரிசைக்கு வந்தார்.

வடலூர் தருமசாலையில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. நீ உழைக்கிறவனா என்று அங்கே யாரும் கேட்டுவிட்டு இலை போடுவதில்லை. சாப்பிட்டு எழுந்து நேரே கொத்து வேலைக்கு பஸ் ஏறுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வேண்டாத உதவியும் உண்டு, மறுக்கவில்லை. சுனாமி சமயத்தில் கடலோரத்துக்கு லாரி லாரியாக வந்த பழந்துணியை யார் உடுத்தினார்கள்? ரோட்டோரம் குவிந்து மழையில் நனைந்ததுதான் மிச்சம். கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத்தொகை வேறு ரகம். ஆயிரம் ரூபாய்தான், ஆனால் மாசாமாசம் வரும் என்று நம்பலாம். என் கடையில் அது முதலில் பழைய பாக்கிக்குப் போகிறது. கால் லிட்டர் எண்ணெய் வாங்கியவர்கள் துணிந்து ஒரு லிட்டர் கேட்கிறார்கள்.

இந்தக் கரைக்குப் புயல் இனியும் வரும். அப்போது கன்று கொடுக்கிறவர்கள் அது காய்க்கிற வரைக்கும் அரிசிக்கும் சேர்த்துக் கணக்குப் போடட்டும். செலவு கூடத்தான் செய்யும். காய்ந்துபோன கன்றுக்கும் செலவுதானே ஆனது?