காரின் கூரைக்கு டேம்பிங் தாள் ஒட்டிய அனுபவம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குச் சென்று வரும் எனக்கு, பத்து வயதான சிறிய காரில் இரண்டு தொல்லைகள் இருந்தன. ஏப்ரலில் வெயிலில் நிறுத்தினால் கூரை தலைக்கு மேல் தோசைக்கல்லாகக் காயும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் அதே கூரை தகரக் கொட்டகைபோல அதிரும். இரண்டையும் ஒரே பூச்சில் தீர்த்துவிடலாம் என்று நம்பியதுதான் நான் செய்த முதல் பிழை.

அந்த நம்பிக்கையில், ஒரு பட்டறையில் அடிப்பாகத்துக்கு ரப்பர் கலந்த அண்டர்கோட்டிங் அடித்தேன். அது துருவையும், சக்கர வளைவில் சரளைக்கல் தெறிக்கும் ஓசையையும் தடுக்கும். கூரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போதாக்குறைக்கு, கதவுகளின் அடியிலிருந்த வடிகால் துளைகளையும் பூச்சு அடைத்துவிட்டது. முதல் மழைக்குப் பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கதவுக்குள் அரைக்குடம் தண்ணீர் தளும்புவதுபோல் கேட்டது. ஈர்க்குச்சியால் துளையைக் குத்திவிட்டபோது துருநிறத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வடிந்தது.

அடுத்த முறை, கூரைத் தகட்டின் உட்புறம் ஒட்டி அதிர்வை அடக்கும் டேம்பிங் தாளை நாடினேன்; வாங்குவதற்கு முன் மாதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். தார்த் தாள் ஒன்றையும், அலுமினியப் படலத்தின் அடியில் செயற்கை ரப்பர் பசை கொண்ட பியூட்டைல் தாள் ஒன்றையும் டேஷ்போர்டின் மேல் ஒரு பிற்பகல் முழுவதும் வெயிலில் வைத்தேன். தார்த் தாள் இளகி, விரல் பட்ட இடம் குழிந்து, சாலை போடும் இடத்து வாசனையைக் காருக்குள் நிரப்பியது. விலை குறைவு என்றாலும், பாலக்காட்டு வெயிலில் அதைத் தலைக்கு மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. பியூட்டைல் தாள் அப்படியே இருந்தது.

ஒரு கடையில், விளக்கின் அடியில் வைத்த அலுமினியத் தாளின் மீது வெப்பமானித் துப்பாக்கியை நீட்டி, "பாருங்க சாரே, சூடே ஏறலை" என்றார்கள். பளபளக்கும் அலுமினியம் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும் என்பதால், அந்தக் கதிரை வைத்தே அளக்கும் கருவி அதன் உண்மையான வெப்பத்தைக் காட்டாது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் மீண்டும் அளக்கச் சொன்னேன். எண் சட்டென்று ஏறியது. கடைக்காரரும் வியந்துதான் பார்த்தார், ஆகவே ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன்.

பியூட்டைல் வெப்பத்தைத் தடுப்பதற்கான பொருள் அல்ல. தகடு அதிரும்போது அதற்கும் அலுமினியத்துக்கும் இடையிலுள்ள பசை இழுபட்டு, அதிர்வைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஆகவே தகட்டை முழுவதும் மூட வேண்டியதில்லை. விரலால் தட்டி, 'டங்' என்று ஒலிக்கும் நடுப்பகுதிகளை அடையாளமிட்டு, 2 மி.மீ. தாளைக் கூரையின் பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பில் ஒட்டச் சொன்னேன். தாளின் மேலுள்ள புடைப்புக் கோடுகள் மறையும்வரை ரோலரால் அழுத்த வேண்டும் என்பதால் கைவலிக்குத் தனிக்கூலி கேட்டார்கள்; நியாயம்தான். வெயிலுக்காக, அதன் மேல் 6 மி.மீ. மூடிய நுண்ணறை ஃபோம் (காற்றறைகள் ஒன்றோடொன்று திறக்காத பஞ்சு) கூரை முழுவதும் போனது. அலுமினியம் கதிரைத் திருப்ப வேண்டுமானால் அதன் முன் காற்றிடைவெளி இருக்க வேண்டும். தகட்டோடு ஒட்டிவிட்டால் அந்தப் பயன் கிடைக்காது.

இப்போது மழையின் 'தடதட' சத்தம் 'பொதபொத' என்று அடங்கிவிட்டது. கண்ணாடி வழியாக வெயில் வரத்தான் செய்கிறது. மணிக்கணக்கில் நிறுத்திய கார் உள்ளே பழையபடியே வேகிறது. ஆனால் ஏசி போட்டபின் உச்சந்தலை காய்வதில்லை. டயர் இரைச்சல் துளியும் குறையவில்லை. அதற்காகக் கதவுகளுக்கும் ஒட்டுவதற்கு முன், அவற்றின் வடிகால் துளைகளை எண்ணிப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.