சுடுதண்ணீர் எதற்கு, எதற்குக் கூடாது

உப்புத் தண்ணீர் மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் என்னிடம் முதலில் வரும் கேள்வி, "அண்ணா, இந்த லயன்ஃபிஷ் கடிக்குமா?" என்பதுதான். கடிக்காது, முதுகில் விஷ முள் உள்ள கடல் மீன் அது. குத்தும். அதுவும் பெரும்பாலும் அது வந்து குத்துவதில்லை, நாம்தான் போய்க் குத்திக்கொள்கிறோம். கல்லை நகர்த்தும்போது, கண்ணாடியில் பாசி தேய்க்கும்போது, கண் ஓரிடத்திலும் கை வேறிடத்திலும் இருக்கும்போது நடக்கிற விஷயம் இது.

நான் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துக்காரன். மும்பை தாராவியில் குடியிருந்துகொண்டு செம்பூர், பாந்த்ரா, பவாய் என்று வீடுவீடாகப் போய்த் தொட்டி பராமரிக்கிறேன். எங்கள் ஊரில் வலையிலிருந்து ஒரா மீனைக் கழற்றும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். முதுகில் 13 முள், அடிவயிற்றில் 4, அதற்குப் பின்னால் 7, அத்தனையும் விஷம். ஒரா ஆய உட்கார்ந்தால் அம்மா முதலில் முள்ளை நறுக்கிப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார். மீன் செத்துப்போனதால் முள் சும்மா இருந்துவிடாது.

அந்த ஒராவின் பங்காளிதான் இங்கே கண்ணாடிக்குள் மஞ்சளாக மினுக்கிக்கொண்டு திரியும் ஃபாக்ஸ்ஃபேஸ். பாசியை மேயும், சாது, யாரோடும் சண்டைக்குப் போகாது. லயன்ஃபிஷ் என்றால் நாலு அடி தள்ளி நிற்கிறவர்கள், இதற்கு முழங்கை வரை உள்ளே விட்டு நோரி என்கிற காய்ந்த கடற்பாசி இலை ஊட்டுகிறார்கள். பகலில் பரவாயில்லை, விலகிப் போய்விடும். ராத்திரி விளக்கை அணைத்ததும் மஞ்சள் போய்த் திட்டுத்திட்டாகப் பழுப்பு நிறத்துக்கு மாறி, கல்லோடு கல்லாகச் சாய்ந்துகொண்டு தூங்கும். அந்த நேரத்தில் விழுந்த பம்பை எடுக்கிறேன் என்று இருட்டில் கை விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லயன்ஃபிஷ்ஷின் முள்ளைக் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் புரியும். முள்ளின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். விஷச் சுரப்பி அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது, மேலே மெல்லிய தோலுறை. முள் சதையில் இறங்கும்போது உறை பின்னால் தள்ளப்பட்டு, சுரப்பி நசுங்கி, விஷம் பள்ளம் வழியாகக் காயத்துக்குள் போய்விடும். பாம்பு மாதிரி அது எதையும் பீய்ச்சுவதில்லை. நம் கை அழுத்துகிற அழுத்தமே போதும். விசிறி மாதிரி விரிந்திருக்கும் பக்கத் துடுப்பைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், அதில் விஷமே கிடையாது. முதுகிலும் அடியிலும்தான். மிரண்டால் தலையைத் தாழ்த்தி முதுகு முள்ளை நம் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் அன்றைக்கு அந்தப் பக்க வேலையை விட்டுவிடுவேன்.

தொட்டி மாற்றும்போது லயன்ஃபிஷ்ஷை வலையில் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். முள் வலைக் கண்ணில் சிக்கும், அப்புறம் அதை விரலால் கழற்ற வேண்டி வரும். வலைத்துணியையும் ரப்பர் கையுறையையும் முள் சாதாரணமாகத் துளைக்கும். அடுக்களையில் அரிசி போட்டு வைக்கிற மாதிரி ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும். தண்ணீருக்குள் டப்பாவைச் சாய்த்து வைத்து, நீளமான குச்சியால் மீனை மெதுவாக அதற்குள் ஓட்டி, மூடி, தண்ணீரோடு தூக்க வேண்டியதுதான். அவசரம் இல்லாத ஆளுக்குப் பத்து நிமிஷ வேலை.

குத்திவிட்டால்? நம் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவது மேலே கயிற்றைக் கட்டுவதும், கீறி உறிஞ்சுவதும், ஐஸ் வைப்பதும்தான். மூன்றும் வேண்டாம். முள் துண்டு வெளியே தெரிந்தால் எடுத்துவிட்டு, குத்திய கையைச் சுடுதண்ணீரில் வைக்க வேண்டும். தாங்கக்கூடிய சூடு, 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. விஷம் புரதத்தால் ஆனது, சூட்டில் அதன் வீரியம் குறையும், வலியும் அடங்க ஆரம்பிக்கும். ஆனால் சூட்டைப் பார்க்கக் குத்துப்பட்ட கையை நம்பாதீர்கள். வலியில் அதற்கு எதுவும் சரியாக உறைக்காது, வெந்துபோனாலும் தெரியாது. மற்ற கையை விட்டுப் பார்க்க வேண்டும், அதைவிட நல்லது பக்கத்தில் இருப்பவரின் கை. மும்பை வீடுகளில் கீஸரை உச்சத்தில் வைத்திருப்பார்கள், அந்தத் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றிவிடக் கூடாது.

அப்புறம் ஆஸ்பத்திரி. வலி அடங்கினாலும் போக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். மூச்சு முட்டல், மயக்கம், உதடு வீக்கம் என்றால் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு உட்காரவே கூடாது, நேரே கிளம்ப வேண்டும். என் உதவியாள் பையனுக்கு ஒருமுறை ஃபாக்ஸ்ஃபேஸ் குத்தி அழைத்துப்போனபோது, அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், "மச்சி? கௌன்ஸா மச்சி? பாம்ஃப்ரெட்?" (மீனா? என்ன மீன்? வவ்வாலா?) என்று இந்தியில் கேட்டார். அவர் மேல் தப்பில்லை, தினமும் வருகிற கேஸா இது? அன்றிலிருந்து நான் பார்க்கும் ஒவ்வொரு தொட்டியிலும் இருக்கிற முள் மீன்களின் படத்தையும் அறிவியல் பெயரையும் வீட்டுக்காரர் போனில் ஏற்றிக்கொடுத்துவிடுகிறேன்.

இதுவரை சொன்னது சுடுதண்ணீர் கை கொடுக்கிற இடம். அது ஆளைக் கொல்லப் பார்க்கிற இடமும் ஒன்று உண்டு, இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பவாயில் ஒரு கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி.யில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன். "ஏனுங்ணா, அந்தப் பழைய கல்லுல பட்டன் பட்டனா ஏதோ மண்டிக் கெடக்குதுங்க. பெரிய குக்கர்ல போட்டு நாலு விசில் விட்டா செத்துருமுங்களா?"

"சார், அடுப்பு பத்த வச்சாச்சா?" என்றேன்.

"இன்னும் இல்லீங்ணா."

"பத்த வைக்காதீங்க. கல்லை வெளியவும் எடுக்காதீங்க. நான் வர்றேன்."

அந்தப் பட்டன்கள் ஜோயாந்திட் என்ற வகை. பூ மாதிரி விரிந்து கொட்டும் கடல் பிராணியான கடல் சாமந்திக்குத் தூரத்துச் சொந்தம். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று நிறம் நிறமாக இருப்பதால் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள், சில சமயம் கல்லோடு இலவசமாகவும் வந்துவிடும். எல்லாப் பட்டனிலும் விஷம் இல்லை. ஆனால் அவற்றில் பாலிதோவா என்ற பிரிவைச் சேர்ந்த சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. உலகத்தில் தெரிந்த மிகக் கொடிய இயற்கை விஷங்களில் அது ஒன்று. ஹவாயில் மௌயி தீவின் ஒரு கடலோரக் குட்டையிலிருந்து எடுத்து ஆராய்ந்து 1971இல் அதைத் தனியாகப் பிரித்தார்கள். அந்தத் தீவுக்காரர்களிடம் ஈட்டி முனையில் பூசிய கடற்பாசி என்று ஒரு பழங்கதை இருந்தது, அதைத் தேடிப்போய்க் கண்டுபிடித்தது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த விஷம் அதைப் பிடித்து, திறந்தே கிடக்கும் ஓட்டையாக்கிவிடும். முறிவு மருந்து கிடையாது.

லயன்ஃபிஷ் விஷம் மாதிரி இது சூட்டுக்கு மசிகிற சரக்கில்லை. கொதிக்க வைத்தால் ஆவியோடு துளித்துளியாகக் காற்றில் ஏறி வீடு முழுக்கப் பரவும். கல்லை வேகவைத்ததால், அல்லது சுடுநீரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்ததால் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்த கேஸ்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. 2018இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷைரில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு வீட்டில் நடந்தபோது, உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வாயில் கசப்பு அல்லது இரும்பைச் சப்பிய மாதிரி ருசி, குளிர் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், தசை வலி. ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடத் தோன்றும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பவாய் வீட்டுக் கல்லை நான் தொட்டிக்குள்ளேயே ஒரு மூடிபோட்ட டப்பாவில் போட்டு, தண்ணீரோடு எடுத்தேன். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, முகத்துக்கு மாஸ்க், கைக்கு நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்து மூடிவிட்டேன். தேய்க்கவில்லை, சுரண்டவில்லை. அப்புறம் இரண்டு பையில் கட்டி அப்படியே கழித்துக்கட்டியாயிற்று. "ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கின கல்லுங்ணா" என்று அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. தண்ணீர் மாற்றும்போது ட்யூப்பை வாயால் உறிஞ்சித்தான் நம் ஆட்கள் இன்னும் ஓட்டத்தை ஆரம்பிக்கிறார்கள். இந்த பட்டன் இருக்கும் தொட்டியில் அதைச் செய்கிறவரைப் பார்த்தால் நான் கையிலிருந்து ட்யூப்பைப் பிடுங்கிவிடுவேன், வயசு வித்தியாசம் பார்ப்பதில்லை. நூறு ரூபாய்க்குக் கை பம்பு கிடைக்கிறது.

கடல் சாமந்தியைப் பற்றி மாதுங்காவில் ஒரு மாமி கேட்டார். "ஏம்ப்பா, பேரன் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடறான், ஒண்ணும் பண்ணலையே?" உள்ளங்கைத் தோல் தடிமன், அதனால் பசை மாதிரி ஒட்டுவதோடு போய்விடும். அதே சாமந்தி முழங்கையின் உள்பக்கத்தில் பட்டால் வரிவரியாகச் சிவந்து தடிக்கும், கம்பள சாமந்தி என்றால் இன்னும் மோசம். அந்தக் கையால் பிள்ளை கண்ணைக் கசக்கினால்? ஒவ்வொரு கொட்டும் செல்லிலும் சுருட்டி வைத்த ஒரு நுண்ணிய நூல், தொட்டதும் கண் இமைப்பதற்குள் பாயும். பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, குழாய்த் தண்ணீரும் ஊற்றக் கூடாது. வெடிக்காமல் மிச்சமிருக்கிற செல்களும் வெடித்துவிடும். தொட்டியின் உப்புத் தண்ணீரால் அலசி, ஒட்டியிருப்பதை இடுக்கியால் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஜூஹூவில் கரை ஒதுங்கும் நீலச் சொறிமீனுக்கும் இதே கதைதான். காய்ந்து கிடந்தாலும் அதன் இழை கொட்டும். அதைப் பாட்டிலில் பிடித்துவந்து "தொட்டியில விடலாமா அங்கிள்?" என்று கேட்ட ஒரு பொடியனையும் பார்த்திருக்கிறேன்.

நெருப்புப் பவளம் கேட்பவர்களும் உண்டு. அது கொட்டும் என்பது இருக்கட்டும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி அது. எங்கள் மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் ஜெயில். கல் பவளமும் கடல் விசிறியும் அதே அட்டவணைதான். என்னிடம் கேட்காதீர்கள்.

கல்லில் ஒளிந்து வரும் முடிப்புழு குத்தினால் கண்ணாடி நார் ஏறிய மாதிரி இருக்கும், செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். விரலில் ஒரு கட்டி வந்து வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் "நான் மீன்தொட்டி வைத்திருக்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று தொட்டித் தண்ணீரில் உண்டு. 1926இலேயே ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்து மீன்களில் அதை அடையாளம் கண்டிருக்கிறார்கள். சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தோன்றாது, சரியான மருந்து கொடுத்தாலும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் நான் தொட்டிக்குள் கை விடுவதில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கையுறை இல்லாமல் விடவே கூடாது.

பவாய்க்காரர் நேற்று மறுபடி கூப்பிட்டார். உப்புத் தண்ணீரே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம், நன்னீருக்கு மாறப் போகிறாராம். "தொல்லை இல்லாத மீனா ஒண்ணு பாத்து வச்சிருக்கேனுங்ணா" என்று படம் அனுப்பினார். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட நன்னீர்த் திருக்கை. வாலைப் பெரிதாக்கிப் பார்த்து, முள்ளுக்கு ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.