தையல்சிட்டு துளை போடுவதைப் பார்த்துவிட்டேன்

மூன்று வருடமாகக் கைநழுவியது நேற்றுக் காலை ஆறே முக்காலுக்குக் கிடைத்தது. சேலையூர் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லோரம் தானாக முளைத்த நுணாவில், தையல்சிட்டு இலையில் துளை போட்டு இழை கோத்ததைக் கண்ணால் பார்த்தேன். இதற்குமுன் நான் பார்த்ததெல்லாம் தைத்து முடித்த கூடுகள்தான்.

தைத்தது பெட்டை. ஆணுக்கு இப்போது நடுவால் இறகு இரண்டும் ஊசிபோல் நீண்டிருக்கும், அதனால் குழப்பமில்லை. அது கொடிக்கயிற்றில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது.

தையல் என்றதும் ஒரே நூல் ஓடுவதாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இலை விளிம்பைக் காலால் பிடித்து, அலகால் ஒரே குத்து. பிறகு இழையை நுழைத்து இழுக்கிறது. வெளியே வந்த நுனி பிரிந்து சின்னக் குமிழாக உப்பிக்கொள்கிறது, பிடிமானமே அதுதான். முடிச்சு கிடையாது. ஒவ்வொரு துளைக்கும் தனி இழை. துளை அத்தனை சிறிது, இலை பழுக்காமல் பச்சையாகவே நிற்கிறது. பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு!

இத்தனை நாள் தவறவிட்டதற்குக் காரணம் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் என் பழைய 10x50 பைனாகுலர். இருபது அடிக்குள் ஃபோகஸே ஆகாது, கையும் நடுங்கும். தள்ளி உட்கார்ந்தால் இலை மறைக்கும். இப்போது வாங்கிய 8x42 எட்டு மடங்குதான் பெருக்கும், ஆனால் எட்டடியிலேயே தெளிவாகக் காட்டுகிறது. கொல்லையில் பறவை பார்க்கிறவர்கள் பெருக்குத் திறனைவிட, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறது என்பதையே முதலில் கேளுங்கள்.

இழைக்குப் பாதி ஒட்டடைதான். சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அம்மா ஒட்டடைக்கம்போடு வந்தார், கெஞ்சித்தான் நிறுத்தினேன். மீதிக்கு மெத்தைக்கடையில் இலவம்பஞ்சு வாங்கிக் கொடியில் கட்டினேன். முதலில் ஒரு கடையில் இலவம் என்று சொல்லி பாலியெஸ்டர் கலந்ததைக் கொடுத்துவிட்டார்கள், சிட்டு அதைத் தொடவே இல்லை. விதையோடு இருக்கிற பஞ்சாகப் பார்த்து வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு வேம்பில் காக்கை கூட்டுக்குச் சுள்ளியும் கம்பியும் சேர்க்கத் தொடங்கிவிட்டது. குயில் அங்கே முட்டை வைக்கிற நேரத்தைப் பிடிக்க மாடியில் ஒரு மறைப்பு கட்ட வேண்டும், பழைய பச்சை நிழல்வலை இருக்கிறது.

ஆனால் நுணாவில் கூட்டின் அடிப்பக்கம் இன்னும் இரண்டு விரற்கடை திறந்திருக்கிறது. நாளைக்கு ஐந்தரைக்கே அலாரம் வைத்திருக்கிறேன்.