ஓலை நட்சத்திரமும் எவர்சில்வர் டம்ளரும்

நவம்பர் கடைசி வந்துவிட்டால் எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் பேச்சு ஆரம்பமாகிவிடும். எந்தத் தேதியில் எந்தத் தெருவுக்குக் கேரல் பாடப் போவது, ஆலய ஜோடனை யார் பொறுப்பு, 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்ததும் கேக், டீ யார் செலவு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிப்போம். கொஞ்ச காலமாக இந்தப் பேச்சில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. பண்டிகை முடிந்த மறுநாள் என்னென்ன குப்பை விழும், அது எங்கே போகும் என்பதுதான் அது.

இந்தக் கேள்வியை எங்களுக்குள் கொண்டுவந்தது 2023 டிசம்பர் வெள்ளம். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், ஏரலுக்கும் நாசரேத்துக்கும் இடையில் இருக்கிறது. பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கும்போது, 17-ஆம் தேதி பிடித்த மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்ததை நாடே பார்த்தது. ஏரல் பக்கம் வாழைத் தோட்டமெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. அந்த வருடம் எங்கள் ஆலயத்தில் நட்சத்திரம் கட்டவில்லை, ஆராதனை மட்டும்தான். தண்ணீர் வடிந்தபிறகு வாய்க்கால் கரைக்குப் போய்ப் பார்த்தால், உடைமுள்ளில் டீ கப்பும் தெர்மாகோல் துண்டும் ஜிகினாத் தோரணமும் பிளெக்ஸ் கிழிசலும் தொங்கின. வெள்ளம் வந்ததற்கு இவைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது. ஆனால் அடைப்பு எடுக்க இறங்கிய எங்கள் வாலிபப் பையன்கள் கைக்கு முதலில் சிக்கியவை இவைதான். அதில் பாதி போன பண்டிகைகளில் நாங்களே வாங்கி மாட்டியவை.

முதலில் டீ கப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எண்ணிக்கையில் அதுதான் அதிகம். பேப்பர் கப் என்றால் பேப்பர்தானே, மக்கிப் போகும் என்று பலரும் நம்புகிறார்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் டீ ஒரு நிமிடம்கூட அதில் நிற்காது. காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் சோதித்துப் பார்த்தார்கள். 100 மில்லி சூடான தண்ணீர் 15 நிமிடம் அந்தக் கப்பில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றனவாம். நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய கப்புக்கும் தெர்மாகோல் தட்டுக்கும் தடை இருக்கிறது. இருந்தாலும் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

இதில் எனக்குத் தாங்காத விஷயம், எங்கள் சபையின் பாத்திர அறையில் அசனத்துக்கென்று, அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்துக்கென்று, வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள் பெட்டி பெட்டியாக அடுக்கி இருப்பதுதான். அசனத்துக்கு வெளியே வரும் டம்ளர் கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேட்டேன். "விடியக்காலம் புதுச்சேலையோட யாரு டீச்சர் கழுவிக்கிட்டு இருப்பா?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பண்டிகை நாளில்கூடப் பெண்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றி வைத்துவிட்டு அதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதனால் கழுவும் வேலையை வாலிபர் ஐக்கியம் எடுத்துக்கொண்டது. ஆலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மூன்று பெரிய சட்டி வைத்தோம். முதல் சட்டியில் வெறும் தண்ணீர், அடுத்ததில் சோப்புத் தண்ணீர், கடைசியில் வெந்நீர். குடித்து முடித்தவர் அவரவர் டம்ளரை முதல் சட்டியில் அலசிப் போட்டுவிட்டுப் போக வேண்டும், மீதியைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் போதகர் சேகரகுரு ஐயாவும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தன் டம்ளரைத் தானே அலசினார். அதற்கப்புறம் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனது.

சரி, நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

எங்கள் சின்ன வயதில் மூங்கில் சிம்பு கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, வீட்டிலேயே ஸ்டார் செய்வார்கள். இப்போது கடையில் பிளாஸ்டிக் ஸ்டார் மடித்தே வருகிறது. ஒரு மழைக்கு ஓரம் கிழிந்து, அடுத்த வருடம் பரணிலிருந்து எடுத்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. அதன்மேல் பூசிய ஜிகினாத்தூளும் பிளாஸ்டிக்தான். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியம் பூசிப் பொடியாக வெட்டியது. தரையில் கொட்டினால் பெருக்க வராது, கழுவிவிட்டால் நேரே சாக்கடைக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே உதிரி ஜிகினாத்தூள் விற்பனையைத் தடை செய்துவிட்டது. இங்கே ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் வாழ்த்து அட்டையில் அது இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது.

சுற்றிப் பார்த்தால் பனைமரம். குருத்தோலை ஞாயிறுக்கு எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு சிலுவை முடைந்து கையில் பிடித்து வருவார்கள். சிலுவை முடையத் தெரிந்த விரலுக்கு நட்சத்திரம் வராதா? தெற்குத் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார், பெட்டி முடைந்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனோம்.

நிழலில் காய்ந்த குருத்தோலையை முந்தின இரவே முற்றத்தில் பனியில் போட்டு வைத்திருந்தார். பனி இறங்கிய ஓலைதான் மடங்கும், காய்ந்தது ஒடியும். ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, சின்னக் கத்தியால் விரல் அகலத்துக்கு வார்ந்தார். நான்கு வார்களை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்தார். ஒன்றின் வாய்க்குள் அடுத்ததைக் கொடுத்து, நான்கையும் கோர்த்து இழுத்தவுடன் நடுவில் இறுக்கமாக ஒரு சதுரம் விழுந்தது. அப்புறம் ஒவ்வொரு நுனியையும் முக்கோணமாக மடித்து, சதுரத்தின் அடியில் செருகிச் செருகி வந்தார். கடைசியில் மீந்த நுனிகளை முறுக்கி மேல்பக்கம் எழுப்பியபோது, தட்டையாகக் கிடந்த ஓலை எட்டு மூலையும் நடுவில் கூம்புமாக எழுந்து நின்றது. "ஏட்டி, இழுக்கும்போது பயப்படாத, ஓலைக்கு உன்னவிட பலம் உண்டு" என்று என் மகளைத் தட்டிக் கொடுத்தார். முதல் நாள் பிள்ளைகள் செய்தது கோணல்மாணலாகத்தான் வந்தது. அவை அத்தனையும் ஆலயத்தில் தொங்கின.

கோபுரத்தில் கட்டும் பெரிய நட்சத்திரத்துக்கு மூங்கில் சட்டம் போட்டு, மேலே ஓலைப்பாய் தைத்தோம். காய்ந்த ஓலை பக்கத்தில் பழைய குண்டு பல்பைப் போடவே கூடாது, சூட்டுக்குப் பற்றிக்கொள்ளும். சின்ன எல்இடி பல்பு போதும், கரண்டும் மிச்சம். டிசம்பர் எங்களுக்கு மழைக்காலம். ஆகவே சின்ன நட்சத்திரங்களை வராந்தாவுக்கு உள்ளேதான் கட்டினோம். நனைந்து பூஞ்சை பிடித்தது இரண்டொன்று. அதை அடுப்பில் போட்டாலும் உரக்குழியில் போட்டாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஒரு விஷயம் முக்கியம். குருத்தோலை என்றதும் கண்ட மரத்திலும் ஏறி நடுக்குருத்தை வெட்டிவிடக் கூடாது, மரம் நலிந்துபோகும். எத்தனை ஓலை எடுக்கலாம் என்பது பனையேறிக்குத் தெரியும். அவரிடம் கேட்டு, அவருக்கும் முடைபவருக்கும் கூலி கொடுத்து வாங்குங்கள். ஆச்சிக்கு நாங்கள் கொடுத்தது கடை ஸ்டாருக்கு ஆகும் காசுதான், ஆனால் அது ஊருக்குள்ளேயே நின்றது.

கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் அசிசி பிரான்சிஸ் குடில் வைத்தபோது அதில் இருந்தது வைக்கோலும் மாடும் கழுதையும்தான். நாங்கள் தெர்மாகோல் மலையையும் பஞ்சுப் பனியையும் விட்டுவிட்டு, பதினைந்து நாள் முன்னதாகத் தட்டில் கேழ்வரகு விதைக்கிறோம். பண்டிகைக்குள் நாலு விரல் உயரத்துக்குப் பச்சென்று வந்துவிடும். பண்டிகை முடிந்ததும் பயிரும் வைக்கோலும் ஆட்டுக்குப் போகும். அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கவே தடை என்பதைக் கடைக்காரர்களுக்கு யாராவது நினைவூட்டினால் நல்லது.

வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் மரம் இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பச்சையாக ஏதாவது வாங்க வேண்டாம். எங்கள் அண்ணன் வீட்டு மரம் பிள்ளைகள் தவழ்ந்த காலத்தில் வாங்கியது. மைனி வருடாவருடம் துடைத்து, பழைய சேலையில் சுற்றிப் பரணில் வைக்கிறார். அது உழைக்கிற வரைக்கும் உழைக்கட்டும்.

வாழ்த்து பிளெக்ஸுக்குப் பதிலாகக் காடாத்துணியில் எழுதிய பேனர் வைத்தோம். வருடத்தைப் போட வேண்டாம் என்று ஒரு பையன் யோசனை சொன்னான். அதே துணியை எத்தனை கிறிஸ்துமஸுக்கும் கட்டலாம். தங்கள் படம் இல்லையே என்று சிலருக்கு வருத்தம் இருந்தது. போகட்டும்.

பலகாரம் கொடுத்துவிடுவது எனக்குப் பிடித்த வேலை. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாம் பக்கத்து வீடுகளுக்கும், எங்களுக்குத் தீபாவளிப் பலகாரம் தருகிறவர்களுக்கும், பெருநாள் பிரியாணி தருகிறவர்களுக்கும் போகும். இடையில் கொஞ்ச காலம் எல்லாரும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தோம். இப்போது மறுபடியும் தூக்குச்சட்டியும் ஓலைப் பெட்டியும் வந்திருக்கின்றன. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன முறை என் தூக்குச்சட்டி ஒரு பிடி சீனியோடும் நாலு முருங்கைக்காயோடும் திரும்பி வந்தது.

கேக்தான் இன்னும் தீரவில்லை. பேக்கரியில் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித்தான் தருகிறார்கள். ஆராதனை முடிந்து அரை மணி நேரத்தில் அத்தனை தாளும் முற்றத்தில் பறக்கிறது. இந்த வருடம் பெரிய தட்டாக, வெட்டாமல் வாங்கி, நாங்களே வெட்டி வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுக்கலாம் என்று சங்கத்தில் பேசியிருக்கிறோம். வீட்டிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் கொண்டுவர ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பேக்கரி அண்ணனிடம் டிசம்பர் முதல் வாரமே சொல்லிவிட வேண்டும்.