மீன் கல்யாணமும் வாளை மீனும்: நயா கிராமத்தில் ஒரு பகல்

ஹவுராவிலிருந்து கரக்பூர் பக்கம் போகும் லோக்கல் ரயிலில் ஏறி பாலிசக்கில் இறங்கினால், அங்கிருந்து நயாவுக்குச் சாலை வழிதான். மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிபூர் மாவட்டம், பிங்லா வட்டாரம். வழியெங்கும் வயலும் குளமும். ஊருக்குள் போய் யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. வீட்டுச் சுவர்களிலேயே மீனும் புலியும் பாம்பும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

கதையைப் படச் சுருளில் வரைந்து, அதைக் காட்டிப் பாடுபவர்கள் பட்டுவாக்கள். இங்குள்ளவர்களின் குடும்பப் பெயர் சித்ரகர். மார்க்கத்தால் முஸ்லிம்கள். பாடுவதோ பாம்புத் தெய்வம் மானசா தேவியின் கதை, ராமாயணம், புலி மேலேறி வரும் முஸ்லிம் ஞானி காஜி பீரின் கதை. தாள்களை ஒட்டி நீளமாக்கி, பின்புறம் பழைய சேலைத் துணியை ஒட்டிச் சுருட்டி வைப்பார்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து, விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே பாட வேண்டும். ஒரு காலத்தில் ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பாடி அரிசியும் காசும் வாங்கி வந்த தொழில். இப்போது பெண்கள் நிறையப் பேர் வரைகிறார்கள், பாடவும் செய்கிறார்கள்.

நான் உட்கார்ந்திருந்த திண்ணையில் நிறங்கள் தேங்காய்ச் சிரட்டைகளில் காய்ந்துகொண்டிருந்தன. சங்குப்பூவிலிருந்து நீலம், அவரை இலையிலிருந்து பச்சை, மஞ்சளுக்கு மஞ்சளேதான். இளம் தேக்கிலையைக் கசக்கினால் கை சிவக்குமே, அந்தச் சிவப்பும் இருந்தது. கருப்புக்கு விளக்குக் கரி. எல்லாவற்றையும் தாளில் பிடித்து நிறுத்துவது வில்வப் பழத்துப் பிசின். வீட்டைச் சுற்றி இந்தச் செடியும் மரமும் இல்லாமல் போனால் படமும் இல்லை. மரம் வளர்க்கச் சொல்லி இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் மரம் வளர்க்கச் சொல்லியும் ஒரு சுருள் இருக்கிறது. அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் விழிப்புணர்வுக்காகக் கேட்டு வாங்கும் வகை. கோடரியோடு ஒருவன், வெட்டுண்ட மரம், அழும் பறவைகள், கடைசிக் கட்டத்தில் எல்லோரும் கன்று நடுகிறார்கள். கோடுகளில் குறையே இல்லை. பாட்டுதான் ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிய வாசகம் மாதிரி இருந்தது. பாடிய அக்காவின் குரலிலும் அப்போது உயிர் கொஞ்சம் குறைந்ததாகவே எனக்குப் பட்டது.

2004 சுனாமியைப் பாடும் சுருள் வேறு ரகம். அதில் அலையை அலையாக வரையவில்லை. கண்ணை உருட்டிக்கொண்டு வரும் ராட்சச முகம். அந்த வாய்க்குள் வீடும் மாடும் மனிதரும் போகிறார்கள். யாருக்கும் புத்திமதி கிடையாது.

பிறகு நான் கேட்காமலேயே அந்த அக்கா மீன் கல்யாணச் சுருளைப் பிரித்தார். சின்ன மீன்கள் மேளம் அடிக்கின்றன, பல்லக்குத் தூக்குகின்றன, சீர்வரிசை சுமந்து வருகின்றன. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வேலை. வாளை மீனுக்கு மட்டும் அழைப்பில்லை. கடைசிக் கட்டத்தில் அது வாயைப் பிளந்துகொண்டு வந்து மாப்பிள்ளை, பெண், மேளக்காரர் எல்லோரையும் விழுங்கிவிடுகிறது. பெரிய மனிதர்கள் ஏழைகளை விழுங்கும் கதை என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். பக்கத்தில் இருந்த சிறுவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஒவ்வொரு மீன் வரும்போதும் அதன் பெயரைக் கத்தினார்கள். ஒரு குளத்தில் என்னென்ன மீன் உண்டு, எது எதைத் தின்னும் என்பதைக் கல்யாணக் கும்மாளத்தோடு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது. இருந்தும், அந்த மீன்களில் ஒன்று நாளைக்குக் குளத்தில் இல்லையென்றால் முதலில் கேட்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான். கன்று நடும் சுருளுக்கு அந்தப் பலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"தீதி (அக்கா), எது அதிகம் விற்கும்?" என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். சிரித்துக்கொண்டே கெட்டிலையும் டி-ஷர்ட்டையும் காட்டினார். அவற்றில் கடைப் பெயிண்ட்தான்; தேக்கிலைச் சாறு சலவைக்குத் தாங்காது. ஒரு டி-ஷர்ட்டில் 'மரம் காப்போம்' வகைப் படமே இருந்தது.

வங்கப் பட்டச்சித்திரம் என்று பெயர் பெற்ற இந்தச் சுருள் படக் கலைக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நவம்பரில் 'பட் மாயா' என்ற விழா நடக்கும். அப்போது கூட்டம் அதிகம். பாட்டை நிதானமாகக் கேட்க வேண்டுமானால் சாதாரண நாளில் போங்கள். விலை பேசுவதற்கு முன் பாடச் சொல்லுங்கள், கடைசி அடி வரை இருங்கள். பாடுபவர் தன் பெயரையும் ஊரையும் சொல்வது அந்த அடியில்தான்.