ராயபுரம் மேசைக் குறிப்புகள்: வி.ஆர். ஹெட்செட் ரிப்பேர்

மே 5, 2025

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட லீவும் வெயிலும் சேர்ந்து வரும் இந்த மாதத்தில்தான், கண்ணில் மாட்டி கேம் விளையாடும் வி.ஆர். ஹெட்செட்டுகள் அதிகம் கெடுகின்றன. வடசென்னைப் பக்கம் வருவதில் பெரும்பாலானவை மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 மாடல். கேம் சென்டர்களில் ஓடி ஓய்ந்தவையும், வீட்டுக்கு இரண்டாம் கையாக வாங்கியவையும் அதில் அடக்கம். இந்தக் குறிப்புகள் அந்த மாடலை மனதில் வைத்து எழுதியவை. வேறு மாடலுக்குப் பொருந்தாத இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறது.

ஸ்க்ரூ டிரைவர் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய. "படம் வரவில்லை" என்று வருவதில் ஒரு பங்குக்கு டிஸ்பிளேயில் கோளாறே இருக்காது. இரண்டு லென்சுக்கும் நடுவில் மேலே ஒரு சின்ன சென்சார் உண்டு. முகம் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அதன்மேல் வியர்வைப் படலமோ பவுடரோ படிந்தால் முகம் இருப்பது தெரியாமல் திரையை அணைத்துவிடும். மாறாக, எப்போதும் அணையாமல் பேட்டரி தீர்ந்துகொண்டே இருந்தால், சென்சாருக்கு முன்னால் ஏதோ இருந்து முகம் என்று நம்பவைக்கிறது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, விரலால் மூடித் திறந்து பார்த்தாலே விடை தெரியும்.

"சார்ஜ் ஏறவில்லை" என்றால் கரண்ட் அளவைக் காட்டும் யூஎஸ்பி மீட்டரை நடுவில் போட்டுப் பார்க்க வேண்டும். கரண்ட் பூஜ்யத்தில் நின்றால் முதல் சந்தேகம் கேபிள், அடுத்தது போர்ட். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரத்தில் இருக்கும் வீடுகளின் போர்ட்டை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. செட்டை முழுக்க அணைத்துவிட்டு, மெல்லிய நைலான் பிரஷ்ஷில் 99 சதவீத ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) தொட்டுத் தேய்த்து, நன்றாக உலரவிட்டுப் பிறகு மீட்டர். இதிலேயே சரியாகி வெளியே போகும் செட்டுகள் உண்டு. ஊசியை விட்டுக் குடைவது மட்டும் வேண்டாம். நடு நாக்கு ஒடிந்தால் போர்ட் மாற்றும் வேலையாகிவிடும்.

லோகோவில் நின்றுவிட்டால் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க, பூட் மெனு வரும். அங்கே ரீஸ்டார்ட் முதலில். ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி. கேம் சேவ் எல்லாம் போய்விடும் என்று செட்டின் சொந்தக்காரரிடம் சொல்லாமல் அதில் கைவைக்கக் கூடாது.

தலையும் கையும் நகர்வதைக் கேமரா பின்தொடரும் டிராக்கிங் தள்ளாடினாலும் உடனே கேமராவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. செட்டிங்கில் டிராக்கிங் ஃப்ரீக்வென்சி என்று ஒன்று உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்த செட்டில் 60 என்று வைத்திருந்தால், ட்யூப் லைட் சிமிட்டல் கேமராவைக் குழப்பும். மாற்றிவிட்டுப் பார்க்கவும்.

மே 6

இன்று வந்தது வெயில் கேஸ். படம் முழுக்கத் தெரிகிறது, இடது கண்ணில் மட்டும் ஒரு மஞ்சள் கறை, அதிலிருந்து வால் போல ஒரு கோடு.

லென்ஸ் என்பது பூதக்கண்ணாடிதான். ஜன்னலோரம் லென்ஸ் மேலே பார்க்கும்படி வைத்துவிட்டால், வெயில் ஒரு புள்ளியாகக் குவிந்து உள்ளே இருக்கும் திரைப் பேனலை எரித்துவிடும். அதற்குச் சில நொடிகளே போதும். சூரியன் நகர நகரப் புள்ளியும் நகரும். அந்த வால் அதன் தடம். லென்சைத் துடைத்தாலும் சாஃப்ட்வேரை மாற்றினாலும் இது போகாது. வைரல் வீடியோவில் காட்டும் வேகமான நிற மாற்ற வித்தையும் இதற்கு உதவாது. அது திரையில் ஒரே நிறத்தில் சிக்கி நிற்கும் பிக்சலுக்கானது. எரிந்தது எரிந்ததுதான்.

குவெஸ்ட் 2-இல் இரண்டு கண்ணுக்கும் ஒரே எல்சிடி பேனல், கண்ணுக்கு 1832 × 1920 பிக்சல். ஆகவே ஒரு பக்கம் எரிந்தாலும் முழுப் பேனலையும் மாற்ற வேண்டும். முதல் குவெஸ்டில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு ஓஎல்இடி இருந்தன. அதற்குச் செலவுக் கணக்கே வேறு. கறை ஓரத்தில் இருந்து கண்ணை உறுத்தவில்லை என்றால், அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் நேர்மை.

மே 8

திறக்கும் வேலை.

பேட்டரியை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, மெனு வழியாக முழுதாக அணைக்க வேண்டும். ஸ்லீப்பில் போட்டுவிட்டுத் திறப்பது தவறு. சார்ஜ் குறைவாக இருந்தால், கை தவறி பேட்டரியில் ஏதாவது பட்டாலும் சேதம் குறையும்.

மேசையில் இருக்க வேண்டியவை: டி3 முதல் டி6 வரை நட்சத்திர பிட், சின்ன பிலிப்ஸ் பிட், பிளாஸ்டிக் ஓப்பனர், கிட்டார் பிக், முனை வளைந்த ட்வீசர், கையால் அமுக்கும் ரப்பர் ஊதி, காப்டன் டேப் (சூடு தாங்கும் மஞ்சள் டேப்). எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். மலிவு பிட் மட்டும் வாங்கக் கூடாது. ஸ்க்ரூ தலை ஒருமுறை வழுக்கிவிட்டால், அதை எடுக்க ஆகும் நேரத்தில் இரண்டு செட் முடித்துவிடலாம். பிட் ஸ்க்ரூவில் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே திருப்ப வேண்டும். டி5 போகும் இடத்தில் டி4-உம் உள்ளே போகும். திருப்பும்போதுதான் தலையைச் சிதைக்கும்.

முதலில் முகத்துணை, அதாவது முகத்தில் படும் பகுதி. அது கிளிப்பில் நிற்பது, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். நுரைப் பஞ்சு பழசாக இருந்தால் அதைத் திரும்பப் போட வேண்டாம். சிலருக்குத் தோல் எரிச்சல் வந்ததால், 2021 ஜூலையில் தயாரித்த நிறுவனமே அந்தப் பஞ்சைத் திரும்பப் பெற்று, மேலே போட சிலிகான் உறை கொடுத்தது. சென்னை வியர்வைக்கு எப்படியும் சிலிகான்தான் சரி, கழுவலாம்.

அடுத்து தலைப்பட்டை. பக்கவாட்டுக் கைகளில் ஸ்பீக்கர் இருக்கிறது, அதற்கு ஒயர் போகிறது. அந்தக் கைகளை வெளிப்பக்கமாக விரித்து வளைக்கக் கூடாது.

ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை. கவனம் அதிகம் வேண்டியது இங்கேதான். அட்டையில் ஹெட்செட்டின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது பழைய வழி, இன்றைக்கும் அதுதான் நல்ல வழி. குட்டை ஸ்க்ரூ போகும் குழியில் நீளமானதைப் போட்டால், முதலில் ஒன்றும் தெரியாது. கடைசிச் சுற்றில் அது அடியில் இருக்கும் போர்டிலோ, தட்டையான ரிப்பன் ஒயரிலோ குத்தும். வேறு கடையில் திறந்து மூடி, "முன்பைவிட மோசம்" என்று வரும் செட்டுகளில் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

உறையைப் பிரிக்கும்போது பிக்கை நுழைத்து ஓரமாக நகர்த்தி, ஒவ்வொரு கிளிப்பாக விடுவிக்க வேண்டும். ஒட்டு இருக்கும் இடத்தில் லேசான சூடு போதும், தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு. போன் டிஸ்பிளேக்கு வைக்கும் சூட்டை இங்கே வைத்தால் பிளாஸ்டிக் நெளியும். இரண்டு பாதியும் பிரிந்ததும் இழுக்காமல் புத்தகம் போல மெல்லத் திறந்து, நடுவில் ரிப்பன் ஓடுகிறதா என்று பார்க்கவும். ரிப்பன் கிழிவது பெரும்பாலும் இந்த நொடியில்.

கனெக்டர் இரண்டு வகை. அமுக்கி மாட்டும் வகையைப் பிளாஸ்டிக் நெம்பியால் நேர் மேலே தூக்க வேண்டும், சாய்த்தால் பின் வளையும். தாழ்ப்பாள் வகையில், சின்னக் கறுப்புத் தாழை நகத்தால் நிமிர்த்திய பிறகு ரிப்பனை இழுக்கலாம். எது எந்த வகை என்று தெரியாமல் இழுக்கவே கூடாது. எந்த வரிசையில் கழற்றினாலும் பேட்டரி கனெக்டர் எட்டியதும் அதுதான் முதலில் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு போட்டோ.

நான்கு மூலையிலும் இருக்கும் டிராக்கிங் கேமராக்களின் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது. கேமராவுக்கும் கேமராவுக்கும் இடையே உள்ள தூரமும் கோணமும் தொழிற்சாலையில் அளந்து செட்டுக்குள் பதியப்பட்டவை. இம்மி நகர்ந்தால் கணக்கு தப்பும், படத்தில் கை மிதக்கும், தரை சாயும். அந்த அளவைக் கடையில் உட்கார்ந்து மறுபடி பதிய வழியில்லை. கேமரா ரிப்பனைக் கழற்றி மாட்டலாம், சட்டத்தின் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.

மே 9

மூடியின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் விரிந்திருந்தால், கிளிப் போய்விட்டது என்று அமுக்கி மூடாதீர்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அமுக்குவதுதான் ஆபத்து.

குவெஸ்ட் 2 பேட்டரி 3640 மில்லி ஆம்பியர்-மணி, 14 வாட்-மணி. சார்ஜரிலேயே தொங்கவிட்டு, மொட்டை மாடி அறை வெப்பத்தில் வைத்தால் சீக்கிரம் உப்பும். 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. தகரக் கூரை போட்ட கேம் சென்டரில், மே மாதம் மதியம் விளையாடி முடித்த சூட்டோடு சார்ஜில் போட்டால் அதைத் தாண்டுவது எளிது. அரை மணி ஆறவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

எடுக்கும்போது இரும்புக் கருவி கூடாது. ஒட்டின் ஓரத்தில் ஊசிக்குழாயால் ஐபிஏ சில சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் அட்டையை மெல்ல நுழைக்க வேண்டும். வளைந்தால் நிறுத்தவும், இன்னும் சொட்டு விடவும். பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும். இனிப்பு வாசனை மாதிரி வந்தால் கசிவு. ஜன்னலைத் திறந்து, பேட்டரியை மணலில் வைத்து, வெளியே கொண்டுபோக வேண்டும்.

புது பேட்டரியில் கனெக்டரும் ஒயர் நிறமும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. மாட்டும் முன் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் முனை மாறவில்லை என்று உறுதி செய்யவும்.

மே 12

தூசி நாள். எண்ணூர், மணலி பக்கத்துச் செட்டுகளைத் திறந்தால் உள்ளே மாவு போல நுண்சாம்பல் இருக்கும். விசிறிக்கு அது தொல்லை, ஆனால் சரிசெய்யக்கூடிய தொல்லை. லென்சுக்கும் பேனலுக்கும் நடுவே ஒரே ஒரு துகள் போனால் கதை வேறு. வெளியே பார்த்தால் கண்ணுக்கே தெரியாது, போட்டுக்கொண்டால் வானத்தில் ஒரு கயிறு தொங்கும்.

அதனால் லென்ஸ் பகுதியைப் பிரிக்கத் தேவையில்லை என்றால் பிரிக்காதீர்கள். பேனல் மாற்றியே ஆக வேண்டும் என்றால்: தரையை ஈரத் துணியால் துடைத்து, ஃபேனை நிறுத்தி, ஏசி காற்று மேசைமேல் படாமல் திருப்பி, கால் மணி நேரம் கழித்துத் தொடங்கவும். கடற்காற்று ஏறும் மதியத்தைவிடக் காலை நேரம் நல்லது. பருத்திச் சட்டை நூல் உதிர்க்கும், கவனம். புதுப் பேனலின் பாதுகாப்புத் தாளை மூடுவதற்கு முந்தைய நொடியில்தான் உரிக்க வேண்டும். விழுந்த துகளைத் துடைக்கக் கூடாது, ரப்பர் ஊதியால் ஊதவும். போகவில்லை என்றால் காப்டன் டேப் நுனியால் தொட்டு எடுக்கவும். கேன் காற்று வேண்டாம், சாய்த்தால் திரவமாகத் தெளிக்கும்.

லென்ஸ் பிளாஸ்டிக். ஐபிஏ பட்டால் மேற்பரப்பு மங்கிப்போகும். உலர்ந்த துணி மட்டும், நடுவிலிருந்து வட்டமாக. மூக்குக்கண்ணாடி உரசிய கீறலுக்குப் பாலிஷ் போடும் யோசனை சிலருக்கு வரும். இது ஃபிரெனல் வகை லென்ஸ், இதில் வட்ட வட்டமாக வரம்புகள் இருக்கின்றன; தேய்த்தால் அவை மழுங்கி, வெளிச்சம் சிதறும். கீறலோடு இருப்பதே மேல்.

முழுதாக மூடும் முன், திறந்த நிலையிலேயே பேட்டரியை மாட்டி ஆன் செய்து, வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் பார்த்துவிடுங்கள்.

மே 13

விசிறி, சூடு கடத்தும் பேஸ்ட். விசிறி இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதவும். சுழலவிட்டு ஊதினால் பேரிங் தேயும். சிப்பின் மேல் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகத் துளி வைத்தால் போதும். பேஸ்ட்டுக்குப் பதில் சூடு கடத்தும் பேடு இருக்கும் இடத்தில் அதன் தடிமனை அளந்து அதே அளவு போட வேண்டும். அரை மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் வைத்தால் போர்டு வளையும், சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளி விழும். பேஸ்ட் மாற்றிய பிறகு சூடு கூடினால் காரணம் இதுதான்.

மே 15

கையில் பிடிக்கும் கன்ட்ரோலர். ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்தாலும் கேமில் ஆள் தானாக நடக்கிறான் என்பது புகார். ஸ்டிக்குக்குள் பக்கவாட்டுக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று என இரண்டு கார்பன் தடங்கள். அதன்மேல் தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேய்ந்தாலோ தூள் சேர்ந்தாலோ நடுப்புள்ளி நகர்ந்துவிடும். மூடியின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் விட்டு, ஸ்டிக்கை முழுவட்டமாகச் சுழற்றினால் தூள் கேஸ் சரியாகும். ஒரு வாரத்தில் திரும்பி வந்தால் தடம் தேய்ந்த கேஸ், ஸ்டிக் மாட்யூலையே மாற்ற வேண்டும்.

திறக்கும்போது ஸ்க்ரூ தெரியவில்லை என்றால் நெம்பாதீர்கள். ஒட்டுத்தாளின் மேல் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். கன்ட்ரோலரின் வளையத்தில் இருக்கும் அகச்சிவப்பு எல்இடிகளைச் சோதிக்க, போனின் முன்கேமராவில் பார்க்கலாம், மங்கலாக ஒளிரும். மாதக்கணக்கில் ஓரமாக வைப்பதாக இருந்தால் பென்சில் செல்லைக் கழற்றி வைக்கவும். கசிந்த செல் ஸ்ப்ரிங்கை அரித்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சு, பிறகு ஐபிஏ.

மே 17

மூடும் வேலை. பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் திருப்பவும். 'டக்' என்று பழைய மரையில் விழும். அதன் பிறகு வலப்பக்கம். நேரடியாக முறுக்கினால் புது மரை வெட்டி, அடுத்த தடவை பிடிக்காது.

கண்களின் இடைவெளிக்கு ஏற்ப நகரும் லென்சை 58, 63, 68 மில்லிமீட்டர் மூன்று நிலையிலும் தள்ளிப் பார்க்கவும். ஒரு இடத்தில் இறுகினால் ரிப்பன் மாட்டியிருக்கிறது, மறுபடி திறக்க வேண்டும். பிறகு வெளிச்சமான அறையில் ஹெட்செட்டில் விளையாடும் இடத்தின் எல்லைக்கோடு வரைந்து, கன்ட்ரோலரைத் தலைக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் கொண்டுபோய்ப் பார்க்கவும். ஒரு மூலையில் மட்டும் கை தொலைந்தால் அந்த மூலைக் கேமராவின் ரிப்பன் சரியாக உட்காரவில்லை. மைக், இரண்டு ஸ்பீக்கர், வால்யூம் பட்டன், வைஃபை எல்லாம் சோதிக்கவும். அரை மணி நேரம் கனமான கேம் ஓடவிட்டு, விசிறிச் சத்தம் சீராக இருக்கிறதா என்று கேட்கவும்.

கழற்றிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றாகத் தனிப் பையில் போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் இதற்கும் பொருந்தும். பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.